இரு நாடுகளின் இறக்குமதி வளர்ச்சியை ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு நாடுகளின் இறக்குமதி எண்களை எடுத்து வைத்துக்கொண்டு "யார் வேகமாக வளர்ந்தார்கள்?" என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது. உதாரணம் பெரும்பாலும் இந்தியாவும் சீனாவும். மக்கள்தொகை ஏறக்குறைய சமம், இறக்குமதியிலோ பல மடங்கு இடைவெளி. ஒப்பிடுவதில் வரக்கூடிய சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு ஜோடியிலேயே கிடைத்துவிடுகின்றன.

கீழே உள்ளவை உலக வர்த்தக அமைப்பின் வரிசையில் வரும் சரக்கு இறக்குமதி எண்கள். அந்தந்த ஆண்டின் டாலர் மதிப்பு, பில்லியனில் (1 பில்லியன் என்பது 100 கோடி), முழு எண்ணாக்கியது. சேவைகள் இதில் சேரவில்லை.

2001: சீனா 244, இந்தியா 50
2008: சீனா 1,133, இந்தியா 321
2009: சீனா 1,006, இந்தியா 257
2016: சீனா 1,588, இந்தியா 361
2019: சீனா 2,078, இந்தியா 486
2020: சீனா 2,066, இந்தியா 373
2021: சீனா 2,687, இந்தியா 573
2022: சீனா 2,716, இந்தியா 720

சரி, யாருடைய இறக்குமதிதான் வேகமாக வளர்ந்தது?

2001 முதல் 2019 வரை பார்த்தால் சீனாவின் இறக்குமதி சுமார் எட்டரை மடங்கு ஆனது. இந்தியாவுடையது ஒன்பதரை மடங்குக்கும் மேல். ஆண்டு வளர்ச்சியாக மாற்றினால் சீனா சுமார் 12.6%, இந்தியா சுமார் 13.5%. ஆக, இந்தியா.

அதே காலத்தில் சீனா கூடுதலாக வாங்கிய சரக்கின் மதிப்பு சுமார் 1,834 பில்லியன் டாலர், இந்தியா கூடுதலாக வாங்கியது சுமார் 436 பில்லியன். ஆக, சீனா.

இரண்டும் சரிதான். இரும்புத் தாது விற்கும் ஒரு நாட்டுக்கோ கப்பல் நிறுவனத்துக்கோ எத்தனை பில்லியன் கூடியது என்பதுதான் முக்கியம். ஒரு பொருளாதாரம் தன் பழைய நிலையிலிருந்து எவ்வளவு மாறியது என்று பார்ப்பவருக்குச் சதவீதம் வேண்டும். யாருக்காக ஒப்பிடுகிறோம் என்று முடிவு செய்யாமல் எண்ணைத் தேடப் போனால், கையில் கிடைத்த முதல் எண் நம் கேள்வியைத் தானே மாற்றிவிடும். இன்னொன்று: சிறிய எண்ணிலிருந்து தொடங்குபவருக்குப் பெரிய சதவீதம் எளிது. அதனால் சதவீதத்தை மட்டும் சொல்லி நிறுத்தும் கட்டுரைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆனால் இதைக் கேட்பவர்கள் குறைவு.

மேலே உள்ள எண்களையே எடுத்துக்கொள்வோம். 2008 முதல் 2022 வரை சீனா 2.40 மடங்கு, இந்தியா 2.24 மடங்கு. சீனா முன்னால். இப்போது தொடக்கத்தை ஒரே ஒரு ஆண்டு தள்ளி 2009 என்று வையுங்கள். சீனா 2.70 மடங்கு, இந்தியா 2.80 மடங்கு. இந்தியா முன்னால்! முடிவு ஆண்டு மாறவில்லை, எண்களைத் தந்த இடமும் மாறவில்லை. நடந்தது இவ்வளவுதான்: உலக நிதி நெருக்கடியில் 2009இல் இந்தியாவின் இறக்குமதி சுமார் 20% சரிந்தது, சீனாவுடையது சுமார் 11%. அதிகம் விழுந்தவர் அந்தப் பள்ளத்திலிருந்து தொடங்கினால் அதிகம் ஏறியதுபோலத் தெரிவார்.

காலத்தைத் துண்டு துண்டாக வெட்டினால் வேடிக்கை இன்னும் அதிகம். 2001 முதல் 2008 வரை இருவருமே பாய்ந்தார்கள், அதில் இந்தியா வேகம். 2008 முதல் 2016 வரை சீனா சுமார் 40% வளர்ந்தது, இந்தியா வெறும் 12 சொச்சம். 2016 முதல் 2022 வரை இந்தியா ஏறக்குறைய இரட்டிப்பு, சீனா சுமார் 71%. எந்தக் கட்சிக்காரர் எந்த மேடையில் பேசினாலும் அவருக்குத் தோதான ஒரு துண்டு இதில் கிடைக்கும்.

இதற்கு என்ன செய்யலாம்? தொடக்க ஆண்டுக்கு எண்ணுக்கு வெளியே ஒரு காரணம் இருக்கட்டும். சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001 டிசம்பர் 11. இந்தியாவின் பொருளாதாரச் சீர்திருத்தம் 1991இல். இப்படி ஒரு நிகழ்வைச் சொல்லி அங்கிருந்து தொடங்கினால், ஆண்டைத் தோதாகப் பொறுக்கியதாக யாரும் குறை சொல்ல முடியாது. (இரண்டு நாடுகளுக்கும் திருப்புமுனை ஒரே ஆண்டில் வராது என்பது வேறு விஷயம். 2001 என்று நான் தொடங்கியதே சீனாவின் நாட்காட்டிப்படிதான்.) அப்புறம், ஒற்றை ஆண்டுக்குப் பதில் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்றாண்டு சராசரி எடுக்கலாம். 2009, 2020 மாதிரியான ஆண்டுகளைத் தொடக்கமாகவோ முடிவாகவோ வைக்காமல் தவிர்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் இரண்டு மூன்று தொடக்க ஆண்டுகளில் கணக்குப் போட்டு எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். முடிவு ஆண்டுக்கு ஆண்டு புரண்டால், "இருவரும் ஏறக்குறைய ஒரே வேகம்" என்பதுதான் நேர்மையான பதில்.

ஒவ்வோர் ஆண்டு வளர்ச்சியையும் கூட்டிச் சராசரி எடுத்தால் போதாதா?

போதாது, ஏற்ற இறக்கம் அதிகமான நாட்டை அது உயர்த்திக் காட்டும். இந்தியாவின் இறக்குமதி 2020இல் சுமார் 23% விழுந்தது, 2021இல் சுமார் 54% எழுந்தது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஆண்டுக்கு 15% வளர்ச்சி என்று வரும். உண்மையில் 486இலிருந்து 573க்குப் போனது ஆண்டுக்கு 8.6% வீதம்தான். கூட்டு வளர்ச்சி விகிதம் (தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணுக்குப் போக ஒவ்வோர் ஆண்டும் ஒரே வீதத்தில் எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்பது) எடுப்பது இதற்காகத்தான்.

2021இல் இந்தியா 54%, சீனா 30%. அந்த ஆண்டில் இந்தியா முந்தியதாகச் சொல்லலாமா?

சொன்னால் பொய் இல்லை, ஆனால் பாதி உண்மை. 2020இல் சீனாவின் இறக்குமதி கிட்டத்தட்ட அசையவே இல்லை. இந்தியாவின் 54இல் பெரும்பகுதி இழந்ததை மீட்டது. பெருந்தொற்றுக்கு முந்தைய 2019ஐ வைத்துப் பார்த்தால் 2021இல் இந்தியா சுமார் 18% மேலே, சீனா சுமார் 29% மேலே. ஆனால் 2022 முடிவில் கதை மறுபடி திரும்புகிறது. 2019ஐவிட இந்தியா 48% மேலே, சீனா 31% மேலே. அதில் எண்ணெய் விலையின் பங்கு கணிசமானது. அதைப் பற்றித்தான் அடுத்த கேள்வி.

மதிப்பு கூடினால் அதிகப் பொருள் வந்தது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இறக்குமதி மதிப்பு என்பது அளவையும் விலையையும் பெருக்கி வருவது. எது மாறினாலும் மதிப்பு மாறும். சில நேரம் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும்.

இந்தியாவின் கச்சா எண்ணெயைப் பாருங்கள். 2013-14 நிதியாண்டில் சுமார் 189 மில்லியன் டன் வாங்கியதற்குச் சுமார் 143 பில்லியன் டாலர் ஆனது. 2015-16இல் வாங்கியது சுமார் 203 மில்லியன் டன், கொடுத்தது சுமார் 64 பில்லியன் மட்டும். எண்ணெய் கூடுதலாக வந்தது, மதிப்பு பாதிக்கும் கீழே போனது. 2014 ஜூனில் பீப்பாய் 115 டாலரைத் தொட்ட பிரென்ட் விலை (உலகச் சந்தையில் கச்சா எண்ணெய்க்கு அளவுகோலான விலை) 2016 ஜனவரியில் 30க்கும் கீழே இறங்கியிருந்தது. சீனாவிலும் இதேதான்: 2015இல் கச்சா எண்ணெய் இறக்குமதி அளவில் 8 சதவீதத்துக்கு மேல் கூடியது, மதிப்பில் சுமார் 40% குறைந்தது.

அதனால் 2008–2016 காலத்தில் இந்தியாவின் இறக்குமதி மந்தமாகத் தெரிவதைத் தேவை சரிந்ததாக வாசிக்கக் கூடாது. தன் இறக்குமதியில் எண்ணெயின் பங்கு பெரிதாக உள்ள நாட்டின் வளர்ச்சி எண், பாதி நேரம் எண்ணெய் விலையின் வரைபடம்தான். பொருளாதாரத்தின் பசி எவ்வளவு கூடியது என்று பார்க்க வேண்டுமானால் நிலையான விலை வரிசை, அதாவது எல்லா ஆண்டுகளையும் ஒரே ஆண்டின் விலையில் கணக்கிட்ட வரிசை, தேவை. உலக வங்கியின் தரவுத்தளத்தில் சரக்கு, சேவை சேர்ந்த இறக்குமதி 2015ஆம் ஆண்டின் நிலையான டாலரில் கிடைக்கும். அதையும் நடப்பு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி எங்கே விரிகிறதோ அங்கே விலை வேலை செய்திருக்கிறது.

நிலையான விலை வரிசையிலும் ஒரு குறை உண்டு. கச்சா எண்ணெய்க்கு விலைக் குறியீடு போடுவது எளிது. ஆண்டுக்கு ஆண்டு திறன் கூடும் கணினிச் சில்லுக்கு அப்படி இல்லை. தர உயர்வை ஒவ்வொரு நாட்டின் புள்ளியியல் துறையும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. மின்னணுச் சரக்கு அதிகம் வாங்கும் நாடுகளில் இந்த வேறுபாடு சின்னதல்ல.

எந்த நாணயத்தில் கணக்கிடுவது?

இரண்டு நாட்டையும் ஒரே நாணயத்தில். பெரும்பாலும் டாலர். உள்நாட்டு நாணய வளர்ச்சியை அப்படியே எதிரெதிரே வைத்தால், நாணய மதிப்பு வீழ்ந்த நாடு வேகமாக வளர்ந்ததுபோல் தோன்றும். ஜப்பானின் இறக்குமதி 2022இல் யென் மதிப்பில் சுமார் 39% கூடி 118 டிரில்லியன் யென்னை எட்டியது. டாலரில் பார்த்தால் அதே ஆண்டு வளர்ச்சி சுமார் 17%தான். மீதி, யென் மலிந்ததால் வந்த வீக்கம்.

இதில் டாலர் ஒன்றும் புனிதம் இல்லை. 2001க்கும் 2022க்கும் இடையில் அமெரிக்காவின் நுகர்வோர் விலைகளே சுமார் 65% ஏறியிருக்கின்றன. நீண்ட கால ஒப்பீட்டில் "எட்டு மடங்கு", "பத்து மடங்கு" என்று வரும் எண்களுக்குள் டாலரின் பணவீக்கமும் உட்கார்ந்திருக்கிறது. இரு நாட்டுக்கும் அது பொது என்பதால் யார் முன்னால் என்ற கேள்வியைப் பாதிக்காது. எவ்வளவு வளர்ந்தது என்ற கேள்வியைப் பாதிக்கும்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் (ஜிடிபி) இறக்குமதியின் பங்கைப் பார்ப்பது மேல் இல்லையா?

அது வேறு கேள்விக்கான விடை. ஒரு பொருளாதாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அது சொல்லும். இறக்குமதி எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லாது. சீனாவில் சரக்கு, சேவை சேர்த்த இறக்குமதி 2000களின் நடுவில் ஜிடிபியில் சுமார் 28% இருந்தது, 2023இல் சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அதே காலத்தில் இறக்குமதி டாலர் மதிப்பில் பல மடங்கு ஏறியது. உள்நாட்டுப் பொருளாதாரம் அதைவிட வேகமாகப் பெருத்தது, அவ்வளவுதான். இந்தியாவின் பங்கு 2012இல் 31% அளவுக்கு ஏறி, பிறகு இறங்கியது.

ஒரு நபருக்கு எவ்வளவு என்பதும் பயனுள்ள அளவுகோல். 2022இல் சீனாவில் தலைக்குச் சுமார் 1,900 டாலர் சரக்கு இறக்குமதி, இந்தியாவில் சுமார் 500. நெதர்லாந்து, சிங்கப்பூர் போன்ற துறைமுக நாடுகளுக்கு மட்டும் இந்த அளவுகோலைத் தூர வையுங்கள். அங்கே இறங்கும் சரக்கில் பெரும்பகுதி அங்கே தங்குவதே இல்லை, மறு ஏற்றுமதியாகப் போய்விடும்.

இறக்குமதி கூடினால் ஜிடிபி குறையும் என்கிறார்களே?

இது "ஜிடிபி = நுகர்வு + முதலீடு + அரசுச் செலவு + ஏற்றுமதி - இறக்குமதி" என்ற சூத்திரத்தைத் தவறாகப் படிப்பதால் வருவது. செலவுவழிக் கணக்கில் நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு, ஏற்றுமதி எல்லாவற்றிலும் வெளிநாட்டுப் பொருள் ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஜிடிபி என்பது உள்நாட்டில் உற்பத்தியானதை மட்டும் அளப்பதால், கலந்துவிட்டதைத் திரும்பக் கழிக்கிறார்கள். ஒரு கணினியை இறக்குமதி செய்தால் முதலீட்டில் ஏறிய தொகை இறக்குமதியில் கழிந்து பூஜ்ஜியமாகும்.

அப்படியானால் இறக்குமதி வளர்வது நல்லதா, குறைவது நல்லதா?

ஏன் வளர்ந்தது, ஏன் குறைந்தது என்று தெரியாமல் சொல்ல முடியாது. இலங்கையின் சரக்கு இறக்குமதி 2021இல் சுமார் 20.6 பில்லியன் டாலர், 2022இல் 18.3, 2023இல் 16.8. இதைச் சிக்கனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதையே நிறுத்திய நாடு அது. டாலர் இல்லாததால் வாங்க முடியவில்லை. வாகன இறக்குமதிக்கு 2020இல் போட்ட தடை 2025இல்தான் தளர்ந்தது. பாகிஸ்தானிலும் 2022-23இல் டாலர் தட்டுப்பாட்டால் இறக்குமதியை நெருக்கினார்கள். சுமார் 80 பில்லியனாக இருந்தது ஒரே ஆண்டில் சுமார் 55 பில்லியனுக்கு வந்தது. மூலப்பொருள் வராமல் ஆலைகள் நின்றன. அடுத்து இறக்குமதி மீண்டும் கூடியபோது அதைச் சீர்கேடு என்று எழுதியவர்களும் இருந்தார்கள்!

எதிர்ப்பக்கமும் உண்டு. கடன் வாங்கி நுகர்பொருளாக வாங்கித் தள்ளினால் இறக்குமதி அழகாகவே வளரும், கொஞ்ச காலத்துக்கு.

என்ன வாங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டுமா?

நேரம் இருந்தால் கட்டாயம். மொத்தத் தொகை ஒன்றேயானாலும் உள்ளே இருப்பது வேறு. சீனா 2022இல் ஒருங்கிணைந்த மின்சுற்றுகளுக்கு, அதாவது சில்லுகளுக்கு, சுமார் 415 பில்லியன் டாலர் கொடுத்தது. அந்த ஆண்டு கச்சா எண்ணெய்க்குக் கொடுத்ததே சுமார் 365 பில்லியன்தான். வந்த சில்லுகளில் கணிசமான பங்கு கைபேசியாகவும் கணினியாகவும் மறுபடி வெளியே போகிறது. அப்படி வரும் இறக்குமதி ஏற்றுமதியின் நிழல். உலகச் சந்தை சரிந்தால் உள்நாட்டில் யார் கையும் சுருங்காமலேயே அது சரியும். வியட்நாமும் இந்த ரகம்தான். இந்தியாவின் பட்டியலிலோ கச்சா எண்ணெயும் தங்கமும் பெரிய இடம் பிடிக்கின்றன. தங்கத்தின் வரத்து சுங்க வரிக்கும் விலைக்கும் ஏற்பத் துள்ளும். எண்ணெயும் தங்கமும் நீங்கலாக ஒரு வரிசை போட்டுப் பார்ப்பது இந்தியாவைப் பொறுத்தவரை நல்ல வழக்கம்.

சீனாவுக்குச் சரக்கு அனுப்பும் நாடுகளின் பட்டியலில் சீனாவே இடம்பெறுவதைப் பார்த்துத் தட்டச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். ஹாங்காங் போல, சீனாவின் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள இடங்களுக்கு அனுப்பித் திரும்ப வரும் சொந்தச் சரக்கு அது.

இரண்டு தளங்களில் ஒரே நாட்டுக்கு வெவ்வேறு எண் வருகிறதே, எது சரி?

பெரும்பாலும் இரண்டும் சரி, அளப்பதுதான் வேறு. முதலில் ஆண்டைப் பாருங்கள். இந்தியாவின் அரசு எண்கள் ஏப்ரல்–மார்ச், பாகிஸ்தானும் வங்கதேசமும் ஜூலை–ஜூன், சீனா ஜனவரி–டிசம்பர். பெருந்தொற்றுச் சரிவு இந்தியாவுக்குக் காலண்டர் ஆண்டில் சுமார் 23%, நிதியாண்டில் (சுமார் 475இலிருந்து 394 பில்லியன்) சுமார் 17%. மீட்சி தொடங்கிவிட்ட 2021 ஜனவரி–மார்ச் மாதங்கள் நிதியாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டதே பெரிய காரணம். சீனாவோடு ஒப்பிடும்போது காலண்டர் ஆண்டுக்கு மாற்றாமல் விட்டால் கதையே கோணலாகும்.

அடுத்து விலை அடிப்படை. பெரும்பாலான நாடுகள் இறக்குமதியைச் சரக்கை ஏற்றிவரும் கட்டணமும் காப்பீடும் சேர்த்து, சி.ஐ.எஃப். மதிப்பில் எழுதுகின்றன. அமெரிக்கா வழக்கமாக வெளியிடும் சுங்க மதிப்பில் அவை சேராது. கன்டெய்னர் கட்டணம் எகிறிய 2021 போன்ற ஆண்டில் இந்த வேறுபாடு வளர்ச்சி விகிதத்துக்குள்ளும் நுழைந்துவிடும்.

மூன்றாவது, திருத்தம். இந்தியாவின் 2024 நவம்பர் தங்க இறக்குமதி முதலில் சுமார் 14.8 பில்லியன் டாலர் என்று வெளியானது. பிறகு சுமார் 9.8 பில்லியனாகத் திருத்தப்பட்டது. ஒரே மாதத்தில் 5 பில்லியன் மறைந்தது! புதிதாக வெளியான மாத எண்ணை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

இரு நாட்டுக்கும் எண்ணை ஒரே இடத்திலிருந்து எடுங்கள் என்பதே என் எளிய பரிந்துரை. சரக்கு மட்டும் என்றால் உலக வர்த்தக அமைப்பு. சேவையும் வேண்டும் என்றால் உலக வங்கி. எந்தப் பொருள், எந்த நாட்டிலிருந்து என்று இறங்க வேண்டுமானால் ஐ.நா.வின் காம்ட்ரேட் என்ற வர்த்தகத் தரவுத்தளம்.

மாத எண்களை ஒப்பிடலாமா?

முந்தைய மாதத்தோடு வேண்டாம், முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதிலும் நீண்ட விடுமுறையோடு வரும் சீனப் புத்தாண்டு சில ஆண்டுகளில் ஜனவரியிலும் சிலவற்றில் பிப்ரவரியிலும் வரும். அதனால் சீனச் சுங்கத்துறையே இப்போது அந்த இரு மாதங்களையும் சேர்த்து வெளியிடுகிறது.

வரைபடம் எப்படிப் போடுவது?

சாதாரண அச்சில் போட்டால் இந்தியாவின் கோடு அடியில் படுத்துக் கிடக்கும், அசைவே தெரியாது. தொடக்க ஆண்டை 100 என்று வைத்துக் குறியீட்டு எண்ணாகப் போடுவது ஒரு வழி. ஆனால் அதில் தொடக்க ஆண்டுச் சிக்கல் முழுசாக உள்ளே வந்துவிடும். நீண்ட காலத்துக்கு மடக்கை அச்சுதான் (சம இடைவெளி ஒவ்வொன்றும் சம மடங்கைக் குறிக்கும் அச்சு) எனக்குப் பிடித்தது. அதில் சம சாய்வு என்றால் சம வளர்ச்சி விகிதம், எந்த ஆண்டில் தொடங்கினாலும் மாறாது.

செய்யக் கூடாதது: இடது பக்கம் ஒரு நாட்டுக்கு ஓர் அச்சு, வலது பக்கம் இன்னொரு நாட்டுக்கு வேறோர் அச்சு. அச்சுகளின் எல்லையை இழுத்து எந்தக் கோட்டையும் மேலே கொண்டுபோகலாம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிக்கு அங்கே எந்தப் பொருளும் கிடையாது.

விரிதாளில் கூட்டு வளர்ச்சி விகிதத்துக்குச் சூத்திரம் என்ன?

=(முடிவு மதிப்பு/தொடக்க மதிப்பு)^(1/ஆண்டுகள்)-1. பலர் தடுக்குவது ஆண்டு எண்ணிக்கையில்தான். 2001 முதல் 2019 வரை பட்டியலில் 19 வரிசைகள் இருக்கும், வளர்ந்த ஆண்டுகளோ 18. 19 என்று போட்டால் இந்தியாவின் 13.5%, 12.7 ஆகிவிடும். இரு நாட்டுக்கும் ஒரே எண்ணிக்கையைப் போட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.